திருகோணமலையில் அறை எடுக்க முன் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை தொடங்கினால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களிலிருந்து திருகோணமலைக்கு வான்கள் வரிசையாகப் புறப்படும். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளுக்குக் கொடுக்கக் கையில் காணாத குடும்பங்கள் நகரத்துக்குள், பஸ் நிலையத்தை அண்டிய மலிவு விடுதிகளில் தங்குகின்றன. அது நல்ல தெரிவு. கோணேசர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். உப்புவெளி ஐந்தாறு கிலோமீற்றர்தான், நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் இறங்கிக் குளிக்கலாம். ஆனால் பலர் இரவு முழுக்க வியர்த்து, நாற்றத்தில் புரண்டு, திரும்பி வந்து “மலிவென்றால் இப்படித்தான்” என்கிறார்கள். அதை நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம். இந்தக் குறைகளில் முக்காற்பங்கு காசு கொடுக்க முன்னரே கண்டுபிடிக்கக்கூடியவை. அறையைப் பார்க்காமல் முற்பணம் கட்டுவதில்தான் பிழை நடக்கிறது.

முதலில் மாடி. வன்னிப் பக்கத்தாருக்குத் திருகோணமலைக் கடல் அமைதியாகக் கிடைக்கும் காலம் சித்திரை முதல் புரட்டாதி வரை. அப்போது கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கடல் குளம்போலக் கிடக்கும், ஊர் கொதிக்கும். பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிறீற் தட்டு, நடுச்சாமம் வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தட்டுக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி அறையையும், மேற்குச் சுவர் அறையையும் தவிருங்கள். மேல்மாடிக்கு இன்னொரு குறையும் உண்டு. தண்ணீர்த் தாங்கிக்கும் ஷவருக்கும் இடையே உயரம் போதாததால் தண்ணீர் நூலாகத்தான் விழும். காலை ஆறு மணிக்கு நாலு அறையில் ஒரேநேரத்தில் குளித்தால் அதுவும் நின்றுவிடும். கீழ்மாடி, முதலாம் மாடியில் அதே தாங்கி நன்றாக ஊற்றும்.

அறைக்குள் போனவுடன் ஏசியைப் போடுங்கள், 24இல் வையுங்கள். அது ஓடட்டும், மற்றவற்றைப் பார்க்கலாம். 16இல் வைத்தால் கெதியில் குளிரும் என்பது தவறான எண்ணம். பழைய ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும், எங்கே நிற்பது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 9000 பீ.ரீ.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி போதும். ஐந்துபேர் படுக்கும் குடும்ப அறைக்கு 12000 வேண்டும், பல விடுதிகளில் அதற்கும் 9000தான் பூட்டியிருக்கிறார்கள். கடலோர ஊரில் ஏசியைக் கொல்வது உப்புக்காற்று. வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரும், செப்புக் குழாயில் ஊசித்துளை விழுந்து காஸ் மெல்ல மெல்லக் கசியும். காஸ் குறைந்த ஏசி முதல் கொஞ்ச நேரம் குளிர் காட்டி ஏமாற்றும். பிறகு உள்ளே ஐஸ் கட்டிக் காற்றை மறிக்கும், சாமத்தில் அந்த ஐஸ் உருகிக் கட்டிலில் சொட்டும். யன்னலால் எட்டிப் பார்த்து வெளிப்பெட்டி துருவேறி உதிர்ந்திருந்தால் வேறு அறை கேளுங்கள். காற்று வருகிறது, குளிர் இல்லை, வடிகட்டி வலை தூசியால் சாம்பல் நிறமாக இருக்கிறது என்றால் அதைக் கழற்றிக் கழுவித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனிக் குளியலறை. நாற்றம் அடித்தால் அழுக்கு என்று உடனே முடிவு கட்டவேண்டாம். தரைத் துவாரத்துக்குக் கீழே வளைந்த குழாயில் தங்கும் தண்ணீர்தான் கக்கூஸ் குழியின் காற்றை மேலே வராமல் மறிக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது சில கிழமையில் வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். நாற்றம் நின்றால் அறையை எடுக்கலாம். நிற்காவிட்டால் வளைவே பூட்டாமல் விட்டிருக்கிறார்கள், அன்று இரவுக்குள் திருத்த முடியாது. சுடுநீர் மெசின் இருந்தால், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை ஒருதரம் அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் பிள்ளைகளை அந்த மெசினுக்குக் கிட்டவும் விடாதீர்கள். பழைய கட்டடங்களில் சுவர்ப் பிளக் வட்ட முனை, இப்போதைய சார்ஜர் சதுர முனை. மாற்றியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், பிளக் துவாரத்தில் ஈர்க்கோ தீக்குச்சியோ செருகித் திறக்கிற வேலை வேண்டாம்.

மெத்தையின் தலைமாட்டுத் தையலை விரித்து, கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். பேனை மை குத்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி. விரிப்பை மாற்றினாலும் போகாது, கட்டில் மூட்டுக்குள் இருக்கும். அறை பிடித்துப்போனாலும் பைகளைக் கட்டிலில் வையாமல் கதிரையிலோ மேசையிலோ வையுங்கள். நுளம்பு வலையில் ஓட்டை பார்க்க மறக்கவேண்டாம். கதவுத் தாழ்ப்பாள் துருவேறி ஊதியிருந்தால் இரவில் பூட்டாது, வெளியே நின்று பார்த்தால் தெரியாது. உள்ளே நின்று பூட்டிப் பாருங்கள்.

காசு விடயத்தில்தான் சண்டை அதிகம். “அறை 5000” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத பெறுமதி சேர் வரியும் பிறகு சேர்த்தால் குறைந்தது 6400 வரும். எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை பேருக்கு, மேலதிக மெத்தைக்கு எவ்வளவு, வான் நிறுத்த இடம் உண்டா, சாரதி எங்கே படுப்பார், எத்தனை மணிக்கு அறையை விடவேண்டும் என்று புறப்பட முன் கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். வரிப்பதிவு இல்லாத விடுதிக்குப் பெறுமதி சேர் வரி அறவிட உரிமை கிடையாது. பற்றுச்சீட்டில் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. தேசிய அடையாள அட்டை எல்லாப் பெரியவர்களிடமும் இருக்கட்டும், நிலாவெளிக்குக் கிட்ட உள்ள புறாமலைத் தீவுக்குப் போனாலும் உள்ளூர்க் கட்டணத்துக்கு அது உதவும்.

விடுதி நடத்துவோரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. வெளிப்பெட்டியை மாதம் ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பூட்டியிருக்கும் அறைகளின் தரைத் துவாரத்தில் கிழமைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். இரும்புத் தாழ்ப்பாளைக் கழற்றிப் பித்தளை போடுங்கள். முழு விலையை வரவேற்பு மேசையில் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
விடுதிகளில் ஏசி, குழாய் வேலை செய்யும் சிலர்,
கிளிநொச்சி.