மார்கழிக்குள் கரைக்கு வர வேண்டிய மீட்புப் பொருட்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர்ப் பெரியோர்களே, வல்லம் (மீன்பிடிப் படகு) வைத்திருப்பவர்களே, கப்பலிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளே,

கரையொதுங்கும் திமிங்கலங்களையும் கடலில் ஆபத்தில் சிக்கும் ஆட்களையும் காப்பாற்றும் பொருட்கள் வாங்க, கார்த்திகை முடிவதற்குள் இன்னும் ரூ.75,500 சேர வேண்டும். பொருள் தருபவர் பழைய விலையை அதுவரைதான் பிடித்து வைத்திருக்கிறார். அதனால் முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.

1973 ஜனவரியில் தூத்துக்குடிப் பக்கம் 147 பைலட் திமிங்கலங்கள் கரையேறின. 2016 ஜனவரியில் ஆலந்தலை, கல்லாமொழி, குலசை (குலசேகரன்பட்டினம்), மணப்பாடு என்று நம் கரை நெடுக அதே இனம் 80-க்கும் மேல் ஒதுங்கிப் பாதிக்கு மேல் செத்தது. இரண்டுமே மார்கழி கழிந்து தை பிறக்கும் வாக்கில் நடந்தவை. 2016இல் யாரும் கூப்பிடாமலே நம் ஆட்கள் கடலில் இறங்கினார்கள். வலையை விட்டுவிட்டு, டீசலைக் கணக்குப் பார்க்காமல், வல்லத்தில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். எந்த அரசாணைக்கும் காத்திராத அந்த மனசு நம் முன்னோர் விட்டுப்போன சொத்து. அதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆனால் அன்று கையில் இருந்தது கயிறு மட்டும்தான். வாலில் கயிறு போட்டு இழுத்தால் மூட்டு விலகும். பின்பக்கமாக இழுபடும்போது தலைமேல் உள்ள மூச்சுத்துளையில் தண்ணீர் புகும். இழுத்து விட்டவற்றில் பல திரும்பக் கரைக்கே வந்தன. கூட்டம் மணலில் கிடக்கும்போது அந்த இனம் தனியே போகாது. ஆகவே முடிந்தவரை நிமிர்த்திக் கிடத்தி, ஈரத்துணி போர்த்தி, மூச்சுத்துளையை மட்டும் மூடாமல், மருத்துவர் வரும்வரை வாளி வாளியாக ஊற்ற வேண்டும். தண்ணீர் ஏறும் நேரத்தில் பலவற்றைச் சேர்த்து விடுவதே நல்லது.

அதற்குத்தான் இந்தச் செலவு: கைப்பிடி வைத்த கான்வாஸ் தூக்குப்படுக்கை 2, ரூ.29,000. நாலு அங்குல அகல பெல்ட் 10, ரூ.15,000. பருத்தி விரிப்பு 60, ரூ.15,000. வாளி 40, ரூ.6,400. தலைவிளக்கு 12, ரூ.14,400. ஆள் முழுகினால் வீச மிதவை வளையம் 12, ரூ.33,600; குலசை தசராக் கூட்டத்தை நினைத்தால் இதுவும் குறைவு. அறிவிப்புப் பலகை 6, ரூ.27,000. உப்புக்காற்றில் துருவேறாத பூட்டுப் பெட்டி ரூ.41,600. மொத்தம் ரூ.1,82,000. கைக்கு வந்தது ரூ.1,06,500.

பலகையில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. படகு திரும்பவில்லை என்றால் பதிவு எண், ஆட்கள் எத்தனை, கிளம்பிய நேரம், கடைசியாகப் பார்த்த இடம், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று விடியும்வரை காத்திருப்பதில்தான் உயிர் போகிறது. விலங்கு ஒதுங்கினால் வனத்துறைக்கு இடம், நேரம், உயிரா பிணமா, எத்தனை என்று சொல்லி, பக்கத்தில் ஒரு துடுப்பை வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். துடுப்பைக் கொண்டு நீளம் தெரியும். செத்ததையும் சொல்ல வேண்டும். அழுகிவிட்டால் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

வலையில் ஏறிய ஆமை அசையாமல் கிடந்தால் செத்தது என்று கடலில் வீசாதீர்கள். நுரையீரலில் தண்ணீர் ஏறி மயங்கியிருக்கலாம். வயிறு கீழே இருக்கும்படி நிழலில் வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, ஈரச்சாக்கு போர்த்துங்கள். தெளிய ஒருநாள்கூட ஆகும். கேஸ் வரும் என்று பயந்து புதைப்பவர்கள் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையாடுவது, விற்பது, வைத்திருப்பது போன்றவற்றுக்குத் தண்டனை சொல்கிறது. தானாகச் சிக்கியதை விட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள், மறைத்தால்தான் வம்பு.

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பாடு (மீன் வரத்து) இல்லாத வாரத்திலும் வல்லத்துக்கு ரூ.500 வீதம் கொடுத்தவர்கள், கருவாடு விற்ற காசில் ஒரு பங்கைத் தந்த தாய்மார்கள், சம்பளம் வந்த அன்றே அனுப்பிய கப்பல் பிள்ளைகள், உண்டியல் உடைத்த பள்ளிக் குழந்தைகள். திருச்சிலுவை ஆண்டவரும் முத்தாரம்மனும் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

தராதவர்களிடமும் மனசுவிட்டுச் சொல்கிறோம். திருவிழாவுக்கும் தசராவுக்கும் வாணவேடிக்கையில் குறை வைக்காத கரை இது. சோறு போடும் கடலுக்கு ஒரு வாளி வாங்கத் தயங்கினோம் என்ற பேர் நமக்கு வேண்டாம். வாளி ஒன்று ரூ.160, விரிப்பு ஒன்று ரூ.250. குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு மாதம் முதல் ஞாயிறு ஏலக்கூடச் சுவரில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
குழுவினர்