தாங்கலை அறிந்தவர்களைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026 வரை. அடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தில் எது குடியிருப்பு, எது தொழிற்பகுதி, எது நீர்நிலை என்று முடிவாகும். அதில் அந்தந்தப் பகுதி மக்களுக்கு நிரந்தரமான இடம் வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தாங்கல், அதாவது மழைநீர் தேங்கும் சிறு ஏரி. கோடையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வரைபடத்தோடு வருகிறவருக்கு அது வெறும் மைதானம். ஆனால் ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால், தண்ணீர் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) தாண்டி எந்த வீட்டுக் கொல்லைக்குப் போகும் என்று முனை டீக்கடைக்காரர் விரல் நீட்டிக் காட்டிவிடுவார். 2015 டிசம்பர் வெள்ளத்தின் கறை அவர் கடைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு இன்னும் இருக்கிறது.

வார்டு குழு, பகுதி சபைகளுக்கு 2022-லேயே விதிகள் வந்துவிட்டன. அங்கே தெருவிளக்கும் குப்பையும் பேசுகிறோம், சரி. நில உபயோக மாற்ற விண்ணப்பங்களையும் முதலில் அங்கேயே வையுங்கள். இப்போது பத்திரிகை மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு, சில நாள் அவகாசம். பலர் கண்ணில் படுவதே இல்லை. வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு ரேஷன் கடை வாசலில் ஒட்டுங்கள். ஆட்சேபணையை ஏற்காவிட்டால், ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும்.

அப்புறம், மழை வந்தால் முதலில் பாத்திரம் பண்டத்தைக் கட்டில்மேல் ஏற்றுகிறவர்கள் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டு உரிமையாளர்களோடு அவர்களையும் குழுவில் சேர்க்க வேண்டும்.

- ஒரு வாசகர், சென்னை