கூரையைச் செப்பனிடுங்கள், பிறகு கதவைப் பற்றிப் பேசலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருகை குறைந்துபோன சிறிய தேவாலயங்களை மூடி, அருகிலுள்ள பெரிய ஆலயங்களோடு இணைத்துவிடுவதே நடைமுறைக்கு ஏற்றது என்ற கருத்தில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அப்படி இணைக்கப்படவிருக்கும் ஆலயங்களுள் ஒன்று மதுரை செல்லூரில், நான் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆடி மாதம் வாசலில் கூழ் ஊற்றும் குடும்பம் என்னுடையது. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சபையின் பொருளாளர் கேட்டுக்கொண்டபடி சில ஆண்டுகளாக அதன் வரவு செலவுப் பேரேட்டை எழுதிக் கொடுத்து வருகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற ஒரே கணக்கை வைத்துக் கட்டுரையாளர் முடிவுக்கு வந்துவிடுகிறார். இங்கே வருபவர்கள் இருபது முப்பது பேர்தாம். அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை எப்படி இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். சபைப் பட்டியலில் உள்ள குடும்பங்கள் பல, சொந்த வீடு கட்டிக்கொண்டு ஆனையூர், கூடல்நகர், ஊமச்சிகுளம், ஒத்தக்கடை என்று நகரின் விளிம்புகளுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். எஞ்சியவர்களுக்குத் தனி ஆயர், அதாவது ஆராதனை நடத்தும் போதகர், இல்லை. பெரிய ஆலயத்தின் ஆயரே இங்கும் வந்து ஆராதனை நடத்திவிட்டு, எட்டு மணிக்குள் அங்கே திரும்ப வேண்டும் என்பதால், இங்கு ஆராதனை காலை ஆறரை மணிக்கு என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊமச்சிகுளத்திலிருந்து பேருந்தை நம்பி எந்த முதியவர் வருவார்? ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அவர் போடும் காணிக்கையைவிட அதிகம். வரமுடியாத நேரத்தை வைத்துவிட்டு, வரவில்லை என்று கணக்கெடுப்பது எங்கள் வங்கித் தணிக்கையில் செல்லாது.

பேரேட்டில் மாதச் சந்தா இளைத்திருப்பது உண்மை. மேலிடமான திருச்சபைத் தலைமை நிர்வாகத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கும் பாக்கி நிற்கிறது. ஆனால் அறுவடைக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகைப் பக்கத்தைப் புரட்டினால் வேறு நிலைமை. அன்று மட்டும் வெளியேறிய குடும்பங்கள் பேரன் பேத்திகளோடு வந்துவிடுகின்றன. ஆலய வாசலில் தேங்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி, வீட்டில் சுட்ட அதிரசம் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவரே அதை மறுபடி காணிக்கையாக வைக்க, ஒரே பூசணிக்காய் மூன்று கை மாறியதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அதை எடுத்தவர் எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் பாய். மூன்று தொகைகளையும் தனித்தனி வரியில் வரவு வைத்தவன் நான். ஆண்டுக்கு ஒரு நாள் இவ்வளவு கொடுக்கும் குடும்பங்களிடம் மாதச் சந்தாவை வங்கிக் கணக்கு மூலம் கேட்டு வாங்க இதுவரை யாரும் முயலவில்லை.

ஆக, இந்த ஆலயத்தை உண்மையில் மூடவைப்பது கூரைதான். மங்களூர் ஓடு வேய்ந்த பழைய கட்டடம். ஓடுகள் நகர்ந்த இடங்களில் மழை இறங்கி, கிழக்குச் சுவரின் மேல் உள்ள சட்டங்கள் செல்லரித்துவிட்டன. போதாததற்கு, எப்போதோ யாரோ நல்லெண்ணத்தில் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புக் காரை உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து வைத்துவிடும். பார்வையிட வந்த கொத்தனார் கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். முழங்கால் உயரம் வரை உள்ளே பொள்ளென்று சத்தம் கேட்டது, ஓரிடத்தில் பூச்சு பலகைபோல் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. சிமென்ட்டை உரித்துச் சுண்ணாம்பு பூசி, கெட்ட சட்டங்களை மட்டும் மாற்றினால் போதும், இடிக்கத் தேவையில்லை என்பது அவர் கருத்து. ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்ட இந்தச் செலவுதான் இன்று ஆலயத்தை மூடுவதற்கான காரணமாக எழுதப்படுகிறது.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. தேவாலயங்களைப் பழுதுபார்க்கவும் புனரமைக்கவும் தமிழக அரசு 2016-17ஆம் ஆண்டு முதல் நிதியுதவி அளித்து வருகிறது. ஆலயம் கட்டி 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும்; பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்; சீரமைப்புக்காக வெளிநாட்டு நிதி பெற்றிருக்கக் கூடாது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை அமையும். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். இந்த நிபந்தனைகளில் எதையும் எங்கள் பகுதி ஆலயம் மீறவில்லை. எனினும் விண்ணப்பம் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் பயன்படும் கட்டடம் என்று கட்டுரையாளர் குறிப்பிடுவதும் சரியல்ல. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், தெருவிலும் கிராமத்திலும் பள்ளிக்கூடத்தையும் ஜெப வீட்டையும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ்தான் நடத்தியது. வார நாளில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த ஆசிரியரே ஞாயிறன்று பிரசங்கமும் செய்தார். அந்தப் பழக்கம் இங்கே முற்றிலும் விட்டுப்போகவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாலையில் விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆலயத் திண்ணையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்தபோது, தரைமட்டம் உயர்ந்த கட்டடம் என்பதால் பொருளாளர் தாமாகவே கதவைத் திறந்துவிட்டார். எங்கள் வீட்டு அரிசி மூட்டையும் அன்றிரவு அங்கேதான் இருந்தது. இவை எதுவும் வருகைப் பதிவேட்டில் ஏறுவதில்லை.

இடைக்காட்டூரில் 1894இல் எழுந்த திரு இருதய ஆலயத்தைக் காக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் கோதிக் வளைவுகளைப் பார்க்கவே மக்கள் பயணம் செய்து போகிறார்கள். தெருமுனை ஆலயத்துக்கு அந்த அழகு கிடையாது. அதனால் அது கைவிடப்படுவதை யாரும் கவனிப்பதுமில்லை. மூடிய பிறகு அந்த நிலம் என்னவாகும் என்ற கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்லூரில் இன்று ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் பதில் எழுத்தில் வந்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

விண்ணப்பம் நிற்பதற்குக் காரணம் காகிதம். ஆலயத்தின் நிலமும் கட்டடமும் உள்ளூர்ச் சபையின் பெயரில் இல்லை, திருச்சபைச் சொத்துகளைத் தன் பெயரில் வைத்திருக்கும் மையப் பொறுப்பாட்சிக் கழகத்தின் பெயரில் உள்ளன. பத்திர நகலும் ஒப்புதல் கடிதமும் மேலிடத்திலிருந்து வந்தால்தான் மனுவை அலுவலகத்தில் கொடுக்க முடியும். சபையார் கேட்டிருக்கிறார்கள், இணைப்பு பற்றி முடிவான பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. வரிசை தலைகீழாக இருக்கிறது. பத்திர நகலை இப்போதே கொடுக்கட்டும்; ஆராதனையை மாலை ஐந்து மணிக்கு மாற்றட்டும்; வெளியேறிய குடும்பங்களுக்குச் சந்தா குறித்து ஒரு கடிதம் போகட்டும். அடுத்த அறுப்பின் பண்டிகை முடிந்தபின் பேரேட்டைப் பார்த்து முடிவெடுக்கட்டும். மதிப்பீட்டையும் மனுவையும் கட்டணம் ஏதுமின்றித் தயாரித்துக் கொடுக்க நான் இருக்கிறேன். மதுரை மாவட்டத்தில் இதே நிதிக்காகக் காகிதம் கிடைக்காமல் காத்திருக்கும் ஆலயங்கள் வேறு எத்தனை என்பதைத் தங்கள் செய்தியாளர் விசாரித்து வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிக் கணக்கர்,
செல்லூர், மதுரை.