மட்டையைப் பரணில் ஏற்றச் சொன்ன கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கான அறிவுரைக் கட்டுரையை ஞாயிறு இணைப்பில் படித்தேன். அட்டவணை போடுவது, நேரத்துக்குத் தூங்குவது, மோர் குடிப்பது எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: ஹாக்கி மட்டை, கிரிக்கெட் பேட் எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்குப் பரணில் ஏற்றிவிட வேண்டுமாம். கிரிக்கெட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பரணில் இருந்தாலும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தானாகவே இறங்கி வந்துவிடும். ஹாக்கி மட்டை ஏறினால் ஏறியதுதான்.

நான் கோவில்பட்டிக்காரன். இந்த ஊரில் ஹாக்கி என்றால் என்ன என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தங்களுக்கு எங்கள் ஊர் ஞாபகம் வருவது கடலைமிட்டாய்க்குத்தான். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அரைப் பக்கம் போட்டீர்கள், சந்தோஷம். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி நடந்தபோது எங்கள் ஊர் மாரீஸ்வரனும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் இந்திய அணியில் ஆடினார்களே, கார்த்தி பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டாரே, அதற்கு எத்தனை வரி கொடுத்தீர்கள் என்று பழைய பேப்பர் கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

1980-ல் நான் பத்தாம் வகுப்பு, பள்ளி ஹாக்கி அணியில் லெஃப்ட் ஹாஃப், அதாவது நடுவரிசையில் இடப்பக்கம் ஆடுகிறவன். அந்த வருஷம்தான் நம் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தங்கம் வந்தது. மட்டையைப் பரணில் போடு என்று அன்றைக்கு யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

நான் பிறவி இடதுகைக்காரன். வீட்டில் அந்தக் கையால் சோற்றைத் தொட்டால் அடி, வகுப்பில் எழுதினால் அடி. ஹாக்கியிலும் இடதுகைக்காரனுக்கென்று தனி மட்டை கிடையாது, எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். சரி, இங்கேயும் நமக்கு வழியில்லை என்று நினைத்தேன். பி.டி. வாத்தியார் என் இடக்கையைப் பிடித்து மட்டையின் உச்சியில் வைத்து, "திருப்புறது இந்தக் கைதாம்லே, மத்தது சும்மா தாங்கத்தான்" என்றார். அதுவரை பீச்சாங்கை என்று பேர் வாங்கிய கை அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தது.

விடியற்காலையில் மைதானம், அப்புறம் வகுப்பு. கணக்கு அப்போதும் வரவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நடுவரிடம் வாய் காட்டி மஞ்சள் அட்டை வாங்கி, வெளியே உட்கார்ந்துகொண்டு, மற்ற பத்துப் பேரும் என் பங்குக்கும் சேர்த்து ஓடுவதைப் பார்த்தேன் பாருங்கள், அதற்குப் பிறகு எனக்கு யாரும் அடக்கம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கூட ஆடியவர்களில் ஒருவர் ரயில்வேயிலும் இருவர் போலீசிலும் சேர்ந்தார்கள், மட்டையைக் காட்டித்தான். எனக்கு அப்படி அமையவில்லை. தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதினேன் (கணக்கு வராதவனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்). அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்பதைத் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கமே போடுகிறது. பத்தாம் வகுப்பிலேயே மட்டையை மூட்டை கட்டியவன் எந்தச் சான்றிதழோடு போய் நிற்பான்? இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் படித்துப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

என் பேத்தி படிக்கும் பள்ளியில் பி.டி. பீரியடை ஜூன் மாதமே கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார். இப்போது தங்கள் கட்டுரையை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அவள் அணியின் கோல்கீப்பர். "பேப்பர்லயே போட்டுட்டாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுக் கால் பேடுகளைத் துடைத்துச் சாக்குப்பையில் கட்டிவைத்தாள். நாற்பது வருஷமாகத் தங்கள் பேப்பரை வாங்குகிறவன் நான். அவளுக்கு என்ன பதில் சொல்ல?

கட்டுரைக்கு மறுப்பெல்லாம் கேட்கவில்லை. மாவட்ட அளவில் பள்ளி ஹாக்கி நடக்கும்போது முடிவை நாலு வரி போடுங்கள். கோல் போட்ட பிள்ளைகளின் பெயரோடு கோல்கீப்பர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வெட்டி அதே போர்டில் ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய லெஃப்ட் ஹாஃப்,
கோவில்பட்டி.