விறகைச் சுவரோடு அடுக்காதே, தம்பி

மானிப்பாய்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மரக்குற்றி அடுக்கிக் கட்டிய வீடு எங்கள் ஊரில் யாருக்கு இருக்கிறது? அம்மா அயலெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். ஆனால் விறகை ஏன் சுவரோடு அடுக்கியிருக்கிறாய்? முப்பது வருஷம் மரம் விற்கிற மரக்காலையில் நின்றவனுடைய பிள்ளை செய்கிற வேலையா அது?

இங்கே மாரி தொடங்கிவிட்டது. வேறு புதினம் இல்லை.

மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் உக்கவைக்கிற பூஞ்சணம் பிடிக்காது. பனைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. உன் பைன் மரம் மறுவளம். வைரம் நடுவில், வெளிப்பக்கம் இளசு. மழையும் பனியும் படுகிற அந்த இளசுதான் முதலில் உக்கும். கீழ்வரிசைக் குற்றிகளைச் சுத்தியலால் தட்டிப் பார். நல்ல மரம் கணீரென்னும், உக்கினது பொத்தென்னும். சந்தேகமென்றால் திருப்புளியால் குத்து. மூலையில் நீட்டி நிற்கிற குற்றிமுனைகள் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், அவற்றை விடாதே. மேல்நோக்கிய வெடிப்பு கால் அங்குலத்துக்கு மேல் விரிந்திருந்தால், இழுபடுகிற பசையால் அடை. கூரைப் பீலியைத் துப்புரவாக்கு. வழிக்கிற பனியைச் சுவரடியில் குவிக்காதே. சுவரோடு ஈரத்தைப் பிடித்து வைக்கிற விறகை எடு.

உக்கின இடத்தை வெட்டி எடுத்து, வெறும் மரத்தில் பூஞ்சணத்தைத் தடுக்கிற போரேட் கரைசல் பூசு. அது மழையில் கரைந்து போய்விடும், அதனால் காய்ந்ததும் மேலே மரம் மூச்சுவிடக்கூடிய பூச்சு வேண்டும். தடிப்பான பெயின்ற் பூசி மூடிவிடாதே.

வீட்டைச் சுற்றிப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். படத்தில் வாசலில் ஒரு சோடிச் சப்பாத்துத்தான் இருந்தது. அம்மா மூன்று ஞாயிறு மருமகளுக்குப் போன் எடுத்துப் பார்த்தார், பதில் இல்லை. வேலைக்களைப்பாக இருக்கும்.

தம்பி, நீ வெளிக்கிட்ட வருஷம் அம்மாவின் கை முறிந்தது கிணற்றடியில் வழுக்கி இல்லை. தாழ்வாரக் கூரையைத் தாங்கிய மரக்கப்பு அடியில் உக்கியிருந்தது. எனக்குத் தெரியும். மாற்ற வைத்திருந்த காசை உன் பயணத்துக்குத் தந்துவிட்டேன். அது உனக்குத் தெரியக்கூடாதென்று பச்சைப் பெயின்ற் பூசி மறைத்தேன். அம்மா கேட்டபோதும் ‘நல்லாத்தான் நிற்குது’ என்றேன். கார்த்திகை மழையில் கூரையோடு அவர்மேல் விழுந்தது. இன்றுவரை எனக்காக அவரும் கிணற்றடி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விறகை இந்தக் கிழமையே எடுத்துவிடு. போன் எடு. எத்தனை மணியென்றாலும் சரி, அம்மா நித்திரையான பிறகும் போன் என்னிடம்தான் இருக்கும்.

அப்பா