மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சஸில் பண்ணை நிலம் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் விலை, வரி, தண்ணீர் எல்லாம் இருந்தன. வேலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

லேனோ வட்டாரத்தில் என் கணவரின் நண்பருக்கு ஒரு பண்ணை இருக்கிறது. மான் வேட்டைக்குக் குத்தகை விடுகிறார். நவம்பரில் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அங்கே போயிருந்தோம். காலையில் வேலியோரம் ஒரு பெண்மான். பின்னங்கால் ஒன்று மேலே கம்பியில் மாட்டியிருக்க, உடம்பு தரையில் கிடந்தது. முன்னங்கால்கள் கீறிக் கீறி மண்ணில் அரைவட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. குளம்புக்கு மேலே தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. கண் மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது. நண்பர் கம்பியை வெட்டினார். எழுந்து நான்கடி நடந்து விழுந்தது. பிறகு எழவே இல்லை. நெடுநேரம் துடித்த மான், விடுவித்த பிறகும் தசை சிதைந்து இறந்துபோவதுண்டு என்று பின்னர் அறிந்தேன்.

தாண்டும்போது மான் பின்னங்கால்களை முன்பக்கமாக மடக்கும். தாவும் உயரம் சற்றுக் குறைந்தால், கால் மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே நுழைந்துவிடும். உடம்பு அந்தப் பக்கம் விழ, இரண்டு கம்பியும் காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். கீழே ஆட்டு வலை (ஆடு நுழையாதபடி பின்னிய கம்பிவலை), மேலே ஒற்றை முள்கம்பி என்று இங்கே பரவலாக இருக்கிறதே, அதுதான் மிக மோசம். கொலராடோ, யூட்டா மாநிலங்களின் சாலையோர வேலிகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. அங்கே ஆண்டுக்கு இரண்டரை மைல் வேலிக்கு ஒரு விலங்கு சிக்கிச் செத்திருக்கிறது. பெரியவற்றைவிடக் குட்டிகள் சிக்குவது எட்டு மடங்கு அதிகம். தாய் தாண்டிப் போய்விட, தாண்ட முடியாத குட்டிகள் வேலியடியிலேயே சுருண்டு கிடந்து செத்திருக்கின்றன.

நான் வேட்டைக்கு எதிராக எழுதவில்லை. குண்டடிபட்ட மானை இரவெல்லாம் டார்ச் அடித்துத் தேடிப்போகும் வேட்டைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுப்பில் கால்வாசியாவது வேலிக்கும் வேண்டாமா?

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. மேல் கம்பி 42 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். மாட்டுக்கு அது போதும். அதற்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே 12 அங்குலம் விடுங்கள். மேல் கம்பியும் அடிக் கம்பியும் முள்ளில்லாமல் இருக்கட்டும். குட்டி நுழைந்து போக அடியில் 16 அங்குலமாவது வேண்டும். தொய்ந்த கம்பியை உடனே இழுத்துக் கட்டுங்கள்.

நிலத்துக்கான வரிச் சலுகைக்காக மாடு மேய விட்டே ஆக வேண்டும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே விவசாய நிலம் என்று வரிச் சலுகை பெற்ற நிலத்தை வனவிலங்குப் பராமரிப்புக்கு மாற்றினாலும் சலுகை தொடரும். 1995 முதலே டெக்சஸ் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. மாடு இல்லையென்றால் உள்வேலிகளைச் சுருட்டி எடுத்துவிடலாம்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். எங்கள் நண்பர் அந்த மான் கிடந்த இடத்தில் மட்டும் கம்பியை மாற்றியிருக்கிறார். மீதி வேலியை மாற்ற டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆஸ்டின், டெக்சஸ்