கையுறையைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, பைக் ஓட்டுபவர்களுக்கான பாதுகாப்புச் சாதனங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட்டுக்கு இரண்டு பக்கம், ஜாக்கெட்டுக்கு ஒரு பக்கம், கையுறைக்கு நாலே வரி. அந்த நாலு வரியிலும் ‘விரல் முட்டிகளில் கெட்டியான காப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கவும்’ என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்கிக் கையைப் புண்ணாக்கிக்கொண்டவன் என்ற முறையில் எனக்குச் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

நான் முதலில் வாங்கிய கையுறை பார்க்க அமர்க்களமாக இருக்கும். புறங்கை முழுக்கக் கார்பன் ஓடு, விரல்களுக்கு மேல் வரிவரியாகப் பிளாஸ்டிக். உள்ளங்கைப் பக்கம் ஒற்றைத் தோல், அவ்வளவுதான். மணிக்கட்டுப் பட்டையின் வெல்க்ரோ கையை அறுக்கும் என்பதால் அதை ஒட்டாமலேயே மாட்டிக்கொள்வேன். ஒருநாள் வளைவில் கிடந்த பொடி மணலில் முன்சக்கரம் வழுக்கியது. பெரிய வேகம் ஒன்றுமில்லை, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். விழும்போது யாரும் முட்டியை மடக்கிக் குத்து விடுவதுபோல் விழுவதில்லை. கையை விரித்து ஊன்றத்தான் போவோம். நானும் ஊன்றினேன். கையுறை சாலையோடு ஒட்டி நின்றுவிட்டது, கை மட்டும் அதிலிருந்து உருவிக்கொண்டு முன்னே போனது. மருத்துவர் உள்ளங்கையிலிருந்து சின்னச் சின்னக் கற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தில் விழும் ‘டிங்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கார்பன் ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சில வாரங்களுக்குச் சட்டைப் பொத்தானைக்கூட வேறொருவர்தான் போட்டுவிட்டார்.

எனக்கு எலும்பு முறியாதது அதிர்ஷ்டம். கட்டைவிரலை விறைப்பாக நீட்டிப் பாருங்கள். அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம் விழும். அதற்குக் கீழே இருப்பது ஸ்கேஃபாய்டு என்கிற எலும்பு. கையை விரித்து ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்துதான் போகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதிக்கு ரத்தம் சரியாகப் போகாது, அதனால் சேரவும் நாளாகும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போய்விடுவதும் உண்டு. ‘வெறும் சுளுக்குதான்’ என்று விட்டுவிட்டுப் பிறகு அவதிப்படுகிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விழுந்த பிறகு அந்தப் பள்ளத்தை அழுத்தினால் வலிக்கிறதா, தாமதிக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நல்ல கையுறைகளில் உள்ளங்கையின் அடிப்பாகத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று வைத்திருப்பார்கள். ஸ்லைடர் என்று பெயர். தோல் தாரைக் கவ்வும். கவ்வினால் கை நின்றுவிடும், உடம்பு நிற்காது, நடுவில் மணிக்கட்டு மடங்கும். ஸ்லைடர் இருந்தால் கை தாரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான் கையுறையைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பாருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

திருப்பிய கையோடு உள்ளே இருக்கும் துணிச்சீட்டையும் படியுங்கள். ஈஎன் 13594 என்பது பைக் கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரம். 2015-இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். சீட்டில் பைக் ஓட்டுபவரின் சின்னப் படமும், அதோடு 1 அல்லது 2 என்ற எண்ணும் இருக்கும். உள்ளங்கைப் பொருளை ஓடும் உராய்வுப் பட்டையில் வைத்துத் தேய்ப்பார்கள். ஓட்டை விழாமல் 4 விநாடி தாங்கினால் முதல் நிலை, 8 விநாடி தாங்கினால் இரண்டாம் நிலை. மணிக்கட்டைத் தாண்டி முதல் நிலையில் 15 மில்லிமீட்டராவது, இரண்டாம் நிலையில் 50 மில்லிமீட்டராவது கையுறை நீள வேண்டும். பட்டையை ஒட்டிய பிறகு இழுத்தால் கழன்று வருகிறதா என்றும் சோதிக்கிறார்கள். (என்னுடைய முதல் கையுறையில் அப்படி ஒரு சீட்டே கிடையாது.) கட்டுரையாளர் சொன்ன முட்டிக் காப்புக்கும் இதில் இடம் உண்டு. எண்ணோடு ‘கேபி’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால்தான் முட்டிக் காப்பை இடித்துச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். முதல் நிலையில் அந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே வெறும் 1 என்று மட்டும் போட்டிருந்தால், மேலே இருக்கும் ஓடு எவ்வளவு மிரட்டலாக இருந்தாலும் அதை நம்ப முடியாது.

சரி, பாதுகாப்பு மட்டும் போதுமா? காயம் ஆறியதும் நான் செய்த அடுத்த தப்பு அதுதான். இருப்பதிலேயே தடிமனான ஜோடியாகப் பார்த்து வாங்கினேன். கடையில் நின்றபடி கையை நீட்டிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்ததும் உள்ளங்கையில் தோல் மடிந்து ஒரு கயிறுபோல உருண்டுகொண்டது. இண்டிகேட்டர் பட்டனைக் கட்டைவிரலால் தேடினால் ஹாரன் அடித்தது. விரல் நுனியில் உள்தையல் நகத்தை அழுத்தி, ஒரு மணி நேரம் ஓட்டினால் வலி தாங்காது. அப்புறம் அந்த ஜோடி பையிலேயே கிடந்தது. நான் அதைச் சுமந்துகொண்டு வெறும் கையோடு ஓட்டினேன்.

எனவே கையுறையை வண்டியில் உட்கார்ந்துதான் போட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கிளட்ச்சையும் பிரேக்கையும் இருபது தடவையாவது பிடித்து விடுங்கள். விரல்கள் இயல்பாகவே வளைந்திருக்கும்படி தைத்ததாக இருந்தால் நல்லது, நீட்டித் தைத்தவை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் உங்களோடு மல்லுக்கு நிற்கும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை இழுக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருக்கும்போது விரல் நுனி முட்டக் கூடாது, அதே சமயம் நுனியில் வெற்றுத்துணி தொங்கவும் கூடாது. அளவெடுப்பதென்றால் கட்டைவிரலை விட்டுவிட்டு விரல் முட்டிகளைச் சுற்றி எடுக்க வேண்டும். தோல் கையுறை போடப் போட அகலத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், ஆகவே முதலில் இறுக்கமாக இருந்தால் கவலை வேண்டாம். விரல் நீளம் மட்டும் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும். கடைசியாகப் பட்டையை ஒட்டிவிட்டு, வேறொருவரை விரல் நுனிகளைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்றால் வேறு ஜோடி பாருங்கள்.

தோலா துணியா என்ற விவாதம் முடியவே முடியாது. எனக்கு ஆட்டுத்தோல்தான் பிடிக்கும். மெல்லியது, லிவரின் அசைவு விரலுக்குத் தெரியும், தேய்மானத்தையும் நன்றாகவே தாங்கும். கங்காரு தோல் அதைவிட மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும் என்பார்கள், பந்தய ஓட்டுநர்களுக்கு அது பிரியம். வெயிலுக்குப் புறங்கையில் துளையிட்டது அல்லது வலை வைத்தது போதும், உள்ளங்கைப் பக்கம் மட்டும் வலை கூடாது. மழைக்கானவற்றில் தண்ணீர் புகாத படலம் ஒன்று நடுவில் இருக்கும். ஈரக் கையை அவசரமாக உருவினால் உள்துணியும் கூடவே வந்துவிடும், பிறகு விரல் விரலாக அதை உள்ளே தள்ளுவதற்குள் பொறுமை போய்விடும். வாங்கும்போதே கையைத் தண்ணீரில் நனைத்துச் சோதிக்க முடியாது. ஆனால் உள்துணியை நுனியில் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்கலாம், நன்றாகத் தைத்ததாக இருந்தால் நகராது. எல்லாக் காலத்துக்கும் ஒரே ஜோடி என்று விளம்பரம் வந்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

இப்போது நான் போடும் மூன்றாவது ஜோடியைப் பார்த்து யாரும் இதுவரை ‘எங்கே வாங்கினாய்?’ என்று கேட்டதில்லை. பழுப்பு நிறம், ஓடு கிடையாது, முட்டியில் தோலுக்கு அடியில் ஒரு மெத்தை, உள்ளங்கையில் இரண்டு ஸ்லைடர். நனைந்தால் நிழலில் காயவைக்கிறேன், வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் தோல் அப்பளம்போல விறைத்துவிடும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையோடு பெரிதாக ஒரு கையுறைப் படம் போட்டிருந்தீர்கள், புறங்கை தெரியும்படி. அடுத்த முறை உள்ளங்கைப் பக்கத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்